அவளுக்குத் தொண்டை முன்ன மாதிரி இல்லை

மார்ச் 3
குரல் நாணில் முடிச்சு. ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் அம்பாளைப் பாடிப் பிழைத்தவள், ஜாடை காட்டித் தண்ணீர் கேட்கிறேன். கூப்பிடாமலே அக்கா பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

மார்ச் 9
சமைத்துக்கொண்டே தோடி ராகத்தை முணுமுணுக்கிறாள். அந்தக் காந்தார ஸ்வரம் எனக்கு இன்றுவரை அப்படி வந்ததில்லை. எதிர்வீட்டம்மா கேட்டாள்: "நீங்களும் பாடுவீங்களா?" பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பிரார்த்தனைப் பாட்டு சொல்லித்தருவதாக அக்கா சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 10
எழுதியே விடுகிறேன். பத்தொன்பது வருஷம் முன்னால், கோயில் மண்டபக் கச்சேரி. அதுவரை நாங்கள் ஜோடியாகத்தான் பாடினோம். அக்காவுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். பெரியவங்க, உங்க அக்கா, வருவாங்கல்ல என்று சபா செயலாளர் போனில் கேட்டார். "இல்லீங்க. அவளுக்குத் தொண்டை முன்ன மாதிரி இல்ல. இனிமே நான் தனியாத்தான்" என்றேன்.

பொய். அது எல்லா சபாவுக்கும் பரவிவிட்டது. அவளிடம், அவர்கள் என்னை மட்டும்தான் கேட்கிறார்கள் என்றேன். என் புடவை மடிப்பைச் சரிசெய்து அனுப்பிவைத்தாள்.

ஏன் சொன்னேன்? அவள் பாடினால் யார் காதிலும் நான் விழுவதில்லை – அதுதானே?

மார்ச் 11
சொல்லவில்லை.

மார்ச் 16
எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள்.

"யாருமே கூப்பிடலையேடி. அப்ப தொண்டை போயிடுச்சுன்னு நானே நம்பிட்டேன்."

காய்ந்த துணிகளை மடித்து வைத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். வாசலில் ஊமையாக நின்றேன். வாய் இருந்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?

ஏப்ரல் 15
பேசலாம் என்றார் டாக்டர். முதல் போன் அக்காவுக்கு. எடுக்கவில்லை.

மே 2
செயலாளரிடம் நேரில் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. ஜூனில் எனக்குத் தந்திருந்த நாளை அக்காவுக்குக் கொடுக்கச் சொன்னேன்.

மே 5
அக்கா ஒத்துக்கொண்டாளாம். இரண்டு பேரும் சேர்ந்து பாடலாமே என்றும் செயலாளர் கேட்டிருக்கிறார். வேண்டாம், தனியாகவே பாடுகிறேன் என்றாளாம்.

ஜூன் 14
கச்சேரிக்கு முன் மேடைக்குப் பின்னால் அக்காவிடம் போய், தம்புரா நான் போடட்டுமா என்று கேட்டேன். தலையை மட்டும் அசைத்தாள்.

இரண்டு மணி நேரம் அவள் முதுகைப் பார்த்தபடி மீட்டினேன். மேல் ஸ்தாயியில் குரல் ஒருமுறை பிசிறியது. இறங்கி வந்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏறி அங்கேயே நின்றாள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் ஜனம் அவளைச் சூழ்ந்துகொண்டது. தம்புராவை உறையில் போட்டுக் கட்டி வைத்துவிட்டு, பக்கவழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன்.