புளி வாங்க வந்த பாடகருக்கு

இன்று காலை புதிதாக வந்த புளிப் பெட்டியைப் பிரித்தேன். ஓட்டோடு இருக்கும் முழுப் புளியம்பழம். மூடியைத் திறந்ததும் எழுந்த மணத்தோடு நீங்களும் வந்து கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டீர்கள். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. பக்கத்திலிருந்த அரிசி மூட்டையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி சுபைதா, "என்னங்க, உடம்புக்கு என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல, புளி வந்திருக்கு" என்றேன்.

டாட்காம் கம்பெனிகள் வரிசையாகச் சரிந்த வருடம் என் வேலையும் போயிற்று. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவில் ஒரு மளிகைக் கடை கைமாற இருந்தது, துணிந்து எடுத்துக்கொண்டோம். ஆரம்ப நாட்களிலேயே நீங்கள் வந்தீர்கள். வெளுத்த சட்டை, சீவிப் படிய வைத்த நரைமுடி, எழுபதைத் தாண்டியும் நிமிர்ந்த முதுகு. ஒரு புளியம்பழத்தை எடுத்து முகர்ந்துவிட்டு, "இது மெக்சிகோ பழமாச்சே, உங்க கடைக்கு எப்படி வந்துச்சு?" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "எங்க காயல்பட்டினத்துல தெருவுக்குத் தெரு மரம் நிக்குது. உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க" என்றேன். ஒட்டுப்போட்ட ஆங்கிலத்தில் இருவரும் விடாமல் வாதாடினோம். கடைசியில் நீங்கள் சிரித்து, என்னை 'பைசானோ' என்றீர்கள். ஊர்க்காரரே என்று அர்த்தம். அதற்குப் பிறகு என் பெயரை நீங்கள் கேட்கவேயில்லை.

நீங்கள் யாரென்று சொன்னது கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் கொண்டுவரும் டிரக் டிரைவர். மெக்சிகோக்காரர். ஒருநாள் உங்களைக் கண்டதும் கையிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்தார், தொப்பியைக் கழற்றினார், குனிந்து உங்கள் கையில் முத்தமிட்டார். நீங்கள் போனபின் என்னிடம், "இவரு போட்டோவ எங்கம்மா மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்காங்க. இவரு பாடாத சினிமா உண்டா எங்க ஊர்ல!" என்றார். அத்தனை நாளும் உங்களுக்கு வெண்டைக்காய் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் கேட்டபிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னீர்கள். வடக்கு மெக்சிகோவின் வறண்ட மண்ணில், மாட்டுச் சந்தைகளில் பாடித் திரிந்த பையன், அங்கே கேட்ட ஒருவர் தலைநகரத்து வானொலிக்கு அழைத்துப் போனது, அங்கிருந்து சினிமா. வெள்ளி இழை பின்னிய அகன்ற தொப்பி, கிட்டார், குதிரை. தேசமே குதிரைவீரன் என்று கொண்டாடிய உங்களுக்குக் குதிரை என்றாலே நடுக்கமாம். "கிட்டத்துல எடுக்கற ஷாட்ல எல்லாம் மரச்சேணத்துமேல உக்காந்திருப்பேன். நாலு பேர் வண்டியில வெச்சு இழுப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தீர்கள், யாரும் கேட்டுவிடக் கூடாதென்று. இங்கே கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களுக்கும் வந்து கூடாரம் போட்டுப் பாடியிருக்கிறீர்கள். பிறகு காலம் மாறிற்று. எலெக்ட்ரிக் கிட்டார் வந்தது, குதிரைப் படங்களைப் பார்க்க ஆளில்லை. டெக்சாஸ் உணவகங்களில், சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறவர்களுக்கு நடுவில் சில வருடங்கள் பாடினீர்கள். ஒருநாள் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்கள்.

"உங்களுக்குப் பின்னணி பாடினது யாரு?" என்று நான் கேட்டதும் நினைவிருக்கிறது. எங்கள் சினிமாவில் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று விளக்கினேன். நீங்கள் கொதித்துப்போனீர்கள். "அப்ப ஜனங்க யாரைக் காதலிக்கறாங்க?" என்றீர்கள்.

உங்கள் மகள் லூப்பேயைப் பற்றி மட்டும் குறைவாகவே பேசுவீர்கள். அவள் நடை பழகும்போது நீங்கள் எங்கோ படப்பிடிப்பில் இருந்தீர்கள். பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் அவள் அம்மா அவளை அழைத்துக்கொண்டு சான் அன்டோனியோ போய்விட்டார். எப்போதாவது நீங்கள் போன் செய்து, "அவசரமா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைப்பீர்களாம். அதே லூப்பேதான், ஃப்ரீமான்ட்டில் பேருந்து ஓட்டிச் சம்பாதித்து, முதுமையில் உங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொண்டாள்.

உங்கள் குரல் கம்மியதை முதலில் கவனித்தவள் சுபைதா. "என்னங்க, சளின்னா இந்நேரம் சரியாயிருக்கணும். டாக்டர பாக்கச் சொல்லுங்க. லூப்பேகிட்ட நானே பேசறேன்" என்றாள். பரிசோதனையில் தொண்டைப் புற்று என்று தெரிந்தது. குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்றார்கள். நீங்கள் முடியாது என்றுவிட்டீர்கள்.

லூப்பே டிரைவர் சீருடையோடு கடைக்கு வந்தாள். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார். நீங்க சொல்லுங்க, அங்கிள்" என்றாள். கடைக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகி, அவளும் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். அப்போது நீங்கள் உள்ளே வந்தீர்கள். நான் தயங்கித் தயங்கி, "பாடறத விட்டுத்தான் எவ்வளவோ காலமாச்சே. இனி அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றேன்.

"பாடாம இருக்கறது வேற. பாட முடியாம இருக்கறது வேற" என்றீர்கள். "என்னைப் புதைக்கும்போது குரலும் என்னோடதான் வரணும்."

லூப்பே சத்தம் போடவில்லை. "ஊர் உலகத்துக்கே பாடினீங்க. நான் உங்க குரல ரேடியோலதான் கேட்டேன், அடுத்த வீட்டுப் பொண்ணு மாதிரி. அது போனா எனக்கு என்ன நஷ்டம், அப்பா? எனக்கு நீங்க இருந்தா போதும். பேசலேன்னாலும் பரவால்ல" என்றாள். நீங்கள் பருப்பு அடுக்கைப் பார்த்தபடியே சரி என்று தலையை அசைத்தீர்கள்.

மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். நீங்கள் லூப்பேயை அழைத்துக்கொண்டு வந்தீர்கள். என்னிடம் அனுமதி கேட்டீர்கள். பின்பு தொப்பியைக் கழற்றிக் கல்லாமேல் வைத்துவிட்டு, மகளைப் பார்த்துப் பாட ஆரம்பித்தீர்கள். சினிமாப் பாட்டில்லை, உங்கள் அம்மா தொட்டிலில் போட்டுப் பாடிய தாலாட்டு என்று பிறகு தெரிந்தது. காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஆன்ட்டிகளின் கைகள் நின்றன. உயர எழும்ப வேண்டிய இடத்தில் உங்கள் குரல் உடைந்தது. நிறுத்தினீர்கள். ஸ்டூடியோவில் செய்வதுபோல ஒரு கையை உயர்த்தி, அதே வரியை மறுபடியும் எடுத்தீர்கள். மறுபடியும் உடைந்தது. இந்தமுறை நிறுத்தாமல், உடைந்த குரலோடே கடைசி வரைக்கும் போனீர்கள். லூப்பே கைகளை இறுகக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஓடிய கண்ணீரைத் துடைக்காமல் நின்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தீர்கள். கழுத்தில் துளை, அதன்மேல் சின்னத் துணி. சனிக்கிழமைகளில் ஸ்பானிஷ் சேனலில் உங்கள் பழைய படம் போடுவார்கள். கடையின் சின்ன டிவி முன் நாற்காலி போட்டுக் கொடுப்பேன். திரையில் இளைஞனாக நீங்கள் பாட, இங்கே உங்கள் உதடுகள் தாமாக அசையும். "இப்ப நீங்களும் தமிழ்ப்பட ஹீரோ ஆயிட்டீங்க" என்றேன் ஒருநாள். சொன்னபிறகுதான் பயந்தேன். நீங்கள் தோள்கள் குலுங்கச் சத்தமேயில்லாமல் சிரித்தீர்கள். சிரிப்பு நின்றபிறகும் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. நான் டிவியை அணைக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள்.

புற்று திரும்பி வந்தபோது உடம்பில் தெம்பில்லை. உங்கள் அடக்கத்துக்கு யாரும் அழைக்காமலே சான் ஹோசேயிலிருந்து இசைக்குழுவினர் முழு உடுப்போடு வந்திருந்தார்கள். டிரக் டிரைவர் தன் தாயை அழைத்து வந்திருந்தார். தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்று நான் எனக்குத் தெரிந்த துஆவை ஓதினேன். உங்கள் பாட்டுகளை எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். லூப்பே பாடவில்லை.

மறுவாரம் அவள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அந்த வீட்டில் உங்கள் படங்களின் ஒரு கேசட்கூட இல்லை. "பாட்டெல்லாம் எல்லாருகிட்டயும் இருக்கு. எங்கிட்ட இருக்கறது இது" என்று போனில் வரும் செய்தியைப் பதிந்துவைக்கும் ஆன்சரிங் மெஷினின் பொத்தானை அழுத்தினாள்.

உங்கள் குரல். கரகரப்பு தொடங்கியிருந்த நாட்களில் பேசியது. ஸ்பானிஷில் எனக்குப் புரிந்தது 'பைசானோ' மட்டும்தான். லூப்பே அதை மொழிபெயர்த்துச் சொன்னாள்: "மகளே, நான் கடையிலதான் இருக்கேன். பைசானோ ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கார். அவர் வர்ற வரைக்கும் கல்லாவப் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன். நீ மெதுவா வந்து கூட்டிட்டுப் போ. அவசரமில்ல."

இன்னொரு முறை அழுத்தினாள். "அவர் எங்கிட்ட அவசரமில்லன்னு சொன்னது இதுல மட்டும்தான்" என்றாள். சுபைதா அவளை அணைத்துக்கொண்டாள்.

காயல்பட்டினத்திலிருந்து என் உம்மா போன் செய்வது எப்போதும் கடையில் கூட்டம் நிற்கிற நேரமாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடுவேன். இப்போது பில் போடுவதை நிறுத்திவிட்டு, வரிசையில் நிற்பவர்களிடம் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்கிறேன். "சொல்லுங்க உம்மா, நெதானமா சொல்லுங்க. அவசரமில்ல" என்கிறேன். என் வாயிலிருந்து வந்தாலும், அந்தக் கடைசிச் சொல் எனக்கு உங்கள் குரலில்தான் கேட்கிறது.