சார்மாடி இறக்கத்தில் ஒற்றை மணி

உஜிரே,
12.1.1998

அன்புள்ள மரகதத்துக்கு,

நான் சுகம். மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது? அவரைப் போல் சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டவர்களுக்காக நிதி திரட்டக் கிளம்பிய எங்கள் சைக்கிள்கள், இன்று சார்மாடி மலையை இறங்கிவிட்டன.

பயப்படாதே, முட்டி மட்டும்தான் சிராய்த்தது. இறக்கத்தில் பின்னால் வந்த பெங்களூர்க்காரர் எங்களை முந்த ஒற்றை மணி அடித்தார். சுரங்கத்தில் ஒற்றை மணி அடித்தால் ஆளை ஏற்றி இறக்குகிற கேஜ் ஓட்டத்தில் நிற்க வேண்டுமே! சுரங்கக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகப் பிரேக் பிடித்துவிட்டோம். அவர் எங்கள் மேலேயே விழுந்தார். "இன்னாண்ணே, இங்கயும் ஷிப்டா?" என்று கீழே கிடந்தபடியே சிரித்தான் மோசஸ்.

நாளை மங்களூர், சுலபமாகப் போய்விடுவோம். அங்கே ஒரு வாரம் தங்கி நிதி திரட்டுகிறோம்; வாரக் கடைசியில் அங்கே வரும் உன் தம்பியிடம் தைலமும், நீ இடித்த பூண்டுப்பொடியும் கொடுத்தனுப்பு. இங்கே சாம்பாரிலும் வெல்லம்.

விளக்கை அணைக்கிறார்கள். திரும்பி வந்ததும் நம் வாசலில் ஒற்றை மணி அடிப்பேன்.

தங்கவேலு