வண்டி நம்பரைப் பார்த்து ஏறுங்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காக உடுத்திக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்து நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதில் இருக்கும் ஒரு விஷயம் அவர் காதில் விழக் கூடாது. இப்போது விடுதி அறையில் மத்தியானத் தூக்கம் போடுகிறார். குறட்டை நிற்பதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

இந்தக் கடற்கரை ஊருக்கு எங்களை அனுப்பி வைத்தபோது நீ என் தலையில் ஒரு வேலையையும் சேர்த்தே கட்டினாய். திரும்பி வருவதற்குள் அப்பாவை எப்படியாவது கண் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்துவிடு என்றாய். சொல்வது சுலபம். புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் அசையாத மனுஷன். சுற்றுலா பஸ் ஓட்டக் கண் பார்வை போதாது, லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லி அனுப்பிய நாளிலிருந்து ஜன்னலோர நாற்காலியே கதி என்று கிடக்கிறார். கேட்டால், ‘வண்டியே ஓட்டப்போறதில்லை, இனி எதைப் பார்க்கணும்?’ என்பார். நானும் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். பேசாமல்கூட இருந்து பார்த்தேன். அதை அவர் கவனிக்கவே இல்லை.

சுற்றுலா பஸ்ஸில் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் உட்காருவேன் என்று ஒரே பிடிவாதம். கண் மங்கினால் என்ன, இந்த வழி அவர் உடம்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வளைவு வரும்போதும் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த டிரைவர் தம்பி, ‘ஐயா, ரெண்டு பேரும் பிரேக் போட்டா வண்டி எப்படிப் போய்ச் சேரும்?’ என்று கேட்டே விட்டான். பஸ்ஸே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை.

விடுதி நன்றாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல், மூடினால் கண்ணாடியில் உப்பு. திரைச்சீலையின் ஓரத்தை எவளோ கோணல்மாணலாக அடித்து வைத்திருக்கிறாள். தையல்காரி கை சும்மா இருக்குமா, முதல் நாளே ஊசிநூல் எடுத்து ஒரு பக்கத்தைச் சரிசெய்துவிட்டேன். கீழே தெரு முழுக்கத் தொப்பிக் கடையும் கறுப்புக் கண்ணாடிக் கடையும்தான். கடலில் குளித்த ஈரத்தோடு, காற்றடைத்த வாத்து மிதவையை இடுப்பில் மாட்டிக்கொண்டே பிள்ளைகள் கடைக்குள் வருகின்றன, கடைக்காரர்கள் நாள் முழுக்கத் தரையைத் துடைக்கிறார்கள். வறுத்த மீன் வாசனை மூன்றாம் மாடிவரை வருகிறது. எனக்கு ஊர் ரொம்பப் பிடித்துவிட்டது.

அப்பா நம்மை விட்டுவிட்டு இந்த ஊரை மாசத்துக்கு நாலு தடவை சுற்றிப் பார்க்கிறார் என்று நீயும் நானும் எவ்வளவு வயிறெரிந்திருப்போம்! வந்து பார்த்தால் அல்லவா தெரிகிறது, அவர் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் வண்டி நிறுத்தும் இடங்களை. கோட்டைக்குப் போனால், இங்கே மத்தியானம் வரைக்கும் வண்டிக்கு நிழல் இருக்கும் என்கிறார். மீன் காட்சியகத்துக்குப் போனால், பின்பக்கம் தண்ணீர்க் குழாய் உண்டு என்கிறார். மலைமேல் அருவிக்குப் போனோம். அருவி எந்தப் பக்கம் என்று கேட்டேன். பஞ்சர் கடையைக் கை காட்டினார். ஆட்கள் இறங்கிப் போனதும் டயரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கடைசி சீட்டில் நீட்டிப் படுத்துவிடுவதுதான் அவருடைய சுற்றுலாவாக இருந்திருக்கிறது. ராத்திரியெல்லாம் ஓட்டிவிட்டு வந்தவர் வேறு என்ன செய்வார், பாவம். எனக்குத்தான் இத்தனை வருஷம் தோன்றவில்லை.

மீன் காட்சியகத்தில் ஒன்று நடந்தது. கழுவிக் காயவைத்த காலித் தொட்டி ஒன்று. அதன் முன்னால் நின்று, ‘அழகா இருக்கு’ என்று தலையாட்டினார். என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து, போதும் உங்கள் குசும்பு என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

இனி நேற்று நடந்ததற்கு வருகிறேன். காலையில் கலங்கரை விளக்கம். உள்ளே சுற்றிச்சுற்றி ஏறும் படிகள். இவர் வரமாட்டேன் என்றார். வற்புறுத்தியதற்கு, ‘நீ போய்ப் பார்த்துட்டு வா, நான் வண்டியில படுத்திருக்கேன்’ என்று என் கைப்பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். மேலே நின்றபோது காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும் போலிருந்தது. கடல் அப்படியே கண்ணை நிறைத்தது. கூட இருக்கவேண்டியவர் இல்லையே என்று கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

இறங்கி வந்து பார்த்தால் வண்டி இருக்கிறது, கடைசி சீட் காலி. கழிப்பறை, டீக்கடை, டிக்கெட் கொடுக்கும் இடம் என்று எல்லாப் பக்கமும் தேடியாகிவிட்டது. அவர் போன், என் போன் இரண்டும் கைப்பைக்குள். டிரைவர் தம்பிதான் என் நம்பரைக் கேட்டு அடித்தான். யாரோ ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஒரே பாட்டும் கைதட்டலும். ‘யாருங்க இது? இங்க ஒரு பெரியவர் பையைத் தலைக்கு வெச்சுத் தூங்கிட்டிருக்கார். எங்க கூட்டத்துல இப்படி ஒருத்தர் இல்லவே இல்லையே!’ என்றாள்.

விஷயம் என்னவென்றால், எங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே அதே வெள்ளையும் நீலமுமாக இன்னொரு வண்டி நின்றிருக்கிறது. ஒரு நூல் ஆலைப் பெண்கள் உல்லாசப் பயணம் வந்த வண்டி. உன் அப்பா ஜம்மென்று அதில் ஏறிப் படுத்திருக்கிறார். அவர்களும் கவனிக்காமல் படகுத்துறை வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்களை இறக்கிவிடும்போது, ‘வண்டி நம்பரைப் பார்த்து ஏறுங்க, கலரைப் பார்த்து ஏறாதீங்க’ என்று காலம் முழுக்கத் தொண்டை வறளக் கத்தியவர்! எங்கள் வண்டியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்லவேளை, எங்களுக்கும் அடுத்த இடம் படகுத்துறைதான்.

வாங்கு வாங்கென்று வாங்கிவிட வேண்டும் என்று வார்த்தைகளை எல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டுதான் இறங்கினேன். அங்கே படகிலிருந்து யார் இறங்குகிறார் தெரியுமா? பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, தலையில் ரிப்பன் கட்டிய பெண்பிள்ளைத் தொப்பி, உடம்பெல்லாம் தண்ணீர். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் கையைப் பிடித்து இறக்குகிறார்கள். அவர்களுடைய மேற்பார்வை அம்மாவுக்கு நல்ல வெண்கலத் தொண்டை. ‘வந்தது வந்துட்டீங்க, சும்மா உக்காந்து என்ன பண்ணப்போறீங்கன்னு நாங்கதான் இழுத்துட்டுப் போனோம், திட்டாதீங்கக்கா’ என்று என்னிடம் சொன்னார். உன் அப்பா சிரித்தார், கண்ணு. அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. வரிசைப்படுத்தி வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

சாயங்காலம் கூட்டத்தை விட்டு இருவரும் மணலில் உட்கார்ந்தோம். ஆலைப் பெண்களைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கலரைப் பார்த்து ஏறிவிட்டீர்களா என்று சீண்டினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ‘கலரைப் பார்த்து ஏறலை. கிட்டத்துல போய் நின்னு நம்பரைப் பார்த்துட்டுத்தான் ஏறினேன். நம்ம நம்பராத்தான் தெரிஞ்சுது’ என்றார். எனக்குக் காலித் தொட்டி ஞாபகம் வந்தது. வண்டி ஓட்ட முடியாத அளவுக்குத்தான் மங்கல் என்று நானும் நீயும் நினைத்திருந்தோம். இவ்வளவு தூரம் போய்விட்டதை அவர் நம்மிடமிருந்து மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பிறகு தானாகவே சொன்னார். ஆபரேஷன் சரியாக வராமல் போனால் இருக்கிற இந்த மங்கல் பார்வையும் போய்விடுமே என்று பயமாம். வண்டியே இல்லாதபோது எதைப் பார்க்கணும் என்றதெல்லாம் வாய்ச்சவடால். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘போன்ல பாப்பா முகம் வெறும் வெளிச்சமாத்தான் தெரியுது. அவ வந்து, நான் இளைச்சிருக்கேனாப்பான்னு கேக்கறா. பார்க்காமலே என்னத்தைச் சொல்றது? பொய் சொல்ல வரலை. அதான் போனை உன் கையில கொடுத்துடறேன்.’

படித்தாயா? வேண்டாம் என்று சொல்லியும் நீ வெளிநாட்டு வேலைக்குப் போனதில் அப்பாவுக்கு இன்னும் கோபம், அதனால்தான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் போனைக் கொடுத்துவிடுகிறார் என்று நீ என்னிடம் எத்தனை முறை அழுதிருக்கிறாய்! நானும் அப்படித்தான் நினைத்தேன். கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இருட்டுவதற்கு முன் எழுந்து, ‘ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்ட தேதி கேளு’ என்றார். ஒரே ஒரு நிபந்தனை. போனில் முகம் தெரியாத விஷயத்தை உன்னிடம் சொல்லவே கூடாதாம், நீ அங்கே உட்கார்ந்து வருத்தப்படுவாயாம். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஆபரேஷன் முதலில் ஒரு கண்ணுக்கு, அது தேறிய பிறகு மற்றதற்கு.

இதோடு ஒரு கிளிஞ்சல் வைத்திருக்கிறேன். சின்ன வயதில் அப்பா ஒவ்வொரு முறையும் உனக்குக் கொண்டுவந்து கொடுப்பாரே, கடலில் முங்கி எடுத்தது என்று நீகூடப் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொள்வாயே, அதெல்லாம் வண்டி நிறுத்துமிடத்துக் கடையில் வாங்கியது. மாலை கோர்க்க ஓட்டை போட்டு விற்பார்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டை இருந்ததை நீ கவனித்ததே இல்லை. இது நேற்று அவர் மணலில் குனிந்து, கையால் தடவித் தடவித் தானே எடுத்தது. ஓரம் உடைந்திருக்கிறது, ஆனால் ஓட்டை கிடையாது. பத்திரமாக வைத்துக்கொள்.

குறட்டை நின்றுவிட்டது. திரும்பிப் படுக்கிறார். சீக்கிரம் முடிக்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு ஒன்றே ஒன்று செய், கண்ணு. இந்தக் கடிதம் வந்ததாகவே காட்டிக்கொள்ளாதே. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் நான் சொல்கிறேன், அன்றைக்கு நீ கூப்பிடு. முகத்தில் நல்ல வெளிச்சம் விழும்படி உட்கார்ந்துகொள். உடம்பு எப்படி இருக்கிறது, கண் தெரிகிறதா என்றெல்லாம் ஒன்றும் கேட்க வேண்டாம். வழக்கம்போலவே, நான் இளைச்சிருக்கேனாப்பா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா