கிரிஜம்மாவின் வடாம்

ஏப்ரல் 21, செவ்வாய்.

காலையில் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை அது அவர் வேலை. தொட்டி வழிந்து, கீழ்வீட்டு கிரிஜம்மா மொட்டை மாடியில் காயவைத்திருந்த வடாமெல்லாம் கூழாகிவிட்டது. நேராக என் வாசலுக்கே வந்து, கன்னடம் கலந்த தமிழில் ஆரம்பித்துவிட்டார்.

"ஏன்ரீ, மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்கிட்டீங்களா? என் சண்டிகே எல்லாம் ஹாளாய்த்து."

"அவ்வளவு பெரிய மாடியில தொட்டிக்குக் கீழதான் காயவைக்கணுமா?" என்றேன்.

கிரிஜம்மாவும் விடவில்லை, நானும் விடவில்லை. ஐம்பது நாளாக எல்லோரும் என்னிடம் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல் தணிந்த குரலில்தான் பேசுகிறார்கள். இன்றுதான் என் குரல் எனக்கே கேட்டது. சண்டைக்கு நடுவில் பசிகூட எடுத்தது.

அதற்குள் நாத்தனார் ஓடி வந்தாள். எனக்கு ஆறுதலாக இருக்க மார்டள்ளியிலிருந்து வந்து தங்கியிருக்கிறாளாம்.

"விடுங்கக்கா, எங்கண்ணன் போயி ரெண்டு மாசங்கூட ஆகலைங்க. அண்ணிக்கு மனசு சரியில்லீங்க."

கிரிஜம்மாவின் முகம் மாறிப்போனது. "தப்பாய்த்தம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் பாயசம் வேறு கொடுத்தனுப்பினார். நான் தொடவில்லை.

இவளை யார் கூப்பிட்டது? மனசு சரியில்லையாம். இத்தனை நாளில் அந்தப் பத்து நிமிஷம்தான் சரியாக இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டாள். இப்போது பக்கத்தில் படுத்து நிம்மதியாகக் குறட்டை விடுகிறாள்.

நாளை மறுநாள் தண்ணீர் விடுவார்கள். கிரிஜம்மா மறுபடி வடாம் போடட்டும். மோட்டாரை நான் அணைக்க மாட்டேன்.