அழுமூஞ்சியும் என் கையும்

பிப்ரவரி 3

இன்றும் கூட்டம். ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், கம்பெனி, மூன்றும் ஒரே மேசையில். மூன்று சம்பந்திகள் ஒன்றாக உட்கார்ந்தது போல ஒருவரை ஒருவர் பார்த்துப் பவ்யமாகச் சிரித்துக்கொண்டார்கள். பேராசிரியருக்கு எதைச் சொன்னாலும் 'தோராயமா' சேர்க்க வேண்டும். 'தோராயமா வணக்கம்' சொல்லாததுதான் பாக்கி. அவர் கண்டுபிடித்த பட்டையைத்தான் எங்கள் வார்டில் நாலு மாதமாகச் சோதித்துப் பார்க்கிறோம். குறைமாதக் குழந்தையின் வயிற்றில் சுற்றினால், மூச்சு பதினைந்து நொடி நின்றதும் மணி அடிக்கும். நர்ஸ் போய்ப் பார்த்து, தாளில் மெய் அல்லது பொய் என்று குறிக்க வேண்டும். தலைமை நர்ஸ் நான் என்பதால் கீழே என் கையெழுத்து.

அதற்கு அழுமூஞ்சி என்று பெயர் வைத்ததும் நான்தான். "குழந்தைங்ககூட இவ்வளவு அழல சார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியர் தோராயமாகச் சிரித்தார்.

பிப்ரவரி 9

ஒரே பகலில் பதினொரு தடவை அடித்தது. ஒன்பது பொய். அழுமூஞ்சி.

பிப்ரவரி 17

கம்பெனிக்காரர் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. இன்று நெற்றியில் இருந்தது. "சிஸ்டரோட தாள்படி நூத்துக்கு எண்பது பொய். இப்படிக் கத்தினா எந்த ஆஸ்பத்திரி வாங்கும்?" பதினைந்து நொடியை முப்பதாக்கிவிட்டால் சத்தம் அடங்கிவிடும் என்றார். "பட்டை சரியாத்தான்... தோராயமா சரியாத்தான் இருக்கு" என்று பேராசிரியர் முனகினார். பட்டை நழுவியிருக்கும் என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நர்ஸ் நேரில் பார்த்து எழுதியது பொய்யாகுமா?

பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

என்னை ஒருவர் அபிப்பிராயம் கேட்டுவிட்டால் போதும், நீதிபதியாகிவிடுவேன். "முப்பதே வைங்க டாக்டர். காதுக்கு நிம்மதி."

மாதக் கடைசியில் முடிவெடுப்பார்களாம். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "உன் பேச்சைக் கேக்க இன்னும் மூணு பேர் மாட்டினாங்களா, பாவம்" என்றார் என் கணவர்.

பிப்ரவரி 22

நாலாம் தொட்டிலில் ஒரு கிலோ நூறு கிராமில் ஒரு மகாராணி. அவள் அம்மா நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. உதடு அசைய மகளின் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாள். இன்று மணி அடித்தது. போனேன். குழந்தை நன்றாக மூச்சு விட்டது. பொய் என்று குறித்தேன்.

"ஏன் சிஸ்டர் பொய்யின்னு எழுதறீங்க?"

"மூச்சு விடுதேம்மா."

"நீங்க பாதத்துல சுண்டினதுக்கு அப்புறம்தான் விட்டா. அதுக்கு முன்னாடி இல்ல. இருபது வரைக்கும் எண்ணிட்டேன்."

"நான் எங்கம்மா சுண்டினேன்?"

"எப்பவும் சுண்டுவீங்களே."

தூக்கம் கெட்டவள் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தேன். பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

பிப்ரவரி 23

மணி அடித்ததும் என் வலது கையைத் திருடனைப் பின்தொடர்வது போலப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கண் குழந்தையிடம் போவதற்குள் விரல் போய்ப் பாதத்தைச் சுண்டிவிட்டது.

இருபத்தாறு வருஷப் பழக்கம். மூச்சு விட மறந்த குழந்தைக்கு ஒரு சுண்டு கொடுத்தால் ஞாபகம் வந்துவிடும். மற்ற நர்ஸ்களையும் கவனித்தேன். எல்லாரும் அப்படியே. யார் பழக்கியது? நான்தான்.

அப்படியானால் மணி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நாங்கள் ஓடிப்போய் மூச்சை எழுப்பிவிட்டு, ஒன்றுமில்லையே என்று எழுதியிருக்கிறோம். நாலு மாதமாக. ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்து, கீழே ஒரு கோடு வேறு.

மாதக் கடைசியில் அதை மாற்றிவிட்டால், முப்பது நொடி கழித்துத்தான் மணி. இங்கே ஆறு தொட்டிலுக்கு ரெண்டு பேர் இருக்கிறோம். இருபது தொட்டிலுக்கு ஒருத்தி இருக்கிற இடத்தில்? முப்பது நொடி, அதற்கு மேல் அவள் ஓடி வரும் நேரம்— ஐயோ, நான்தானே வைங்கன்னேன். காதுக்கு நிம்மதின்னு சொன்ன வாய்தானே இது.

பிப்ரவரி 24

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. எதற்கெல்லாமோ திறக்கிற வாய்.

பிப்ரவரி 27

சொல்லிவிட்டேன்.

கம்பெனிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நாலு மாசத் தாளும் குப்பையா சிஸ்டர்?"

"என் கையெழுத்துதான் சார் குப்பை. மெஷின் சரி."

சிரிப்பார்கள் என்று பழக்கதோஷத்தில் ஒரு நொடி காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் சுண்டறேன்" என்றார் கடைசியில். பேராசிரியர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பி வந்தவர், "பட்டை சரியா இருக்கு" என்றார். தோராயமா இல்லாமல்.

பதினைந்து நொடி அப்படியே இருக்கும். சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று மாதம் பொறுப்போம், அதற்கு மேல் மேலிடம் ஒத்துக்கொள்ளாது என்கிறார் கம்பெனிக்காரர். தாளில் இனி பெரிய டாக்டர் கையெழுத்துப் போடுவார். நியாயம்தான். வலித்தது. புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: 'தொட்டேனா?'

மார்ச் 6

முதலில் கண், பிறகு கை. ஒரு பார்வைதான், தாமதமே இல்லை. ஆனாலும் என் கைக்கு இது புதிதாகப் புகுந்த மாமியார் வீடு. இன்று இரண்டு தடவை முந்திக்கொண்டது. இரண்டையும் எழுதினேன்.

மார்ச் 19

மத்தியானம் நாலாம் தொட்டிலில் மணி. அம்மா நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் அவள் தூங்கி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பார்த்தேன். வயிறு அசையவில்லை. பாதத்தைச் சுண்டினேன். அசைந்தது.

மெய். தொட்டேன்.

அவளை எழுப்பவில்லை.