கஸ்பார் கடையும் யூலாலியாவின் வாயும்

ஜனவரி 14, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பள்ளிக்கூடச் சமையலறையில் இன்று முந்நூற்று நாற்பது கிண்ணம் சூப். பதினெட்டு வருஷமாக அதே முட்டைக்கோஸ் சூப். வேலை முடிந்து கொண்டைக்கடலை வாங்க கஸ்பார் ஐயா மளிகைக் கடைக்குப் போனேன். பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "கடையக் குடுத்துடலாம்னு இருக்கேன். நீ வாங்கிக்கிறியா, சுல்மிரா?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

ஜனவரி 15

தாதேவுவிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். "கடை வாங்குறது கல்யாணம் மாதிரி. மொதல்ல எதுக்கு விக்கிறார்னு கேளு."

"நீ என்னைக் கட்டிக்கும்போது என்ன கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல. அனுபவஸ்தன் சொல்றேன், கேட்டுக்கோ."

ஜனவரி 20, திங்கள்

கேட்டேன். முழங்கால் வலியாம். தங்கை ஊரில் தேனீ வளர்க்கப் போகிறாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லட்டுமா? எனக்குச் சீஸ் வாடையே ஆகாது. முப்பத்தொரு வருஷம் மூச்சப் பிடிச்சுக்கிட்டு வித்தேன்" என்றார்.

இந்த மனுஷன்தானே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மலைச் சீஸை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக் காட்டுவார்! பக்கத்துத் தெருவில் வேறு கடை போடமாட்டேன் என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். தேனீக்கள் மேல் சத்தியம் செய்தார். தேனீ இன்னும் வாங்கவே இல்லை. எழுத்தில்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 25, சனி

எதிரே இருக்கும் ரொட்டிக்கடையில் ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். மூன்று காபி. கஸ்பார் கடைக்குள் போனவர்கள் அறுபத்து மூன்று பேர். ஒன்றும் வாங்காமல் கை வீசிக்கொண்டு வெளியே வந்தவர்கள் ஐந்தே பேர். இதுவரை நல்ல சேதி.

ஆனால் உள்ளே போகிற ஒருவர்கூட கஸ்பார் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே காட் மீன் கருவாடு வெட்டும் யூலாலியாவிடம்தான் போகிறார்கள். அவள் குரல் தெருவைத் தாண்டிக் கேட்கிறது: "ஆறு பேருக்கு இந்தத் துண்டா? விருந்தாளியக் கூப்பிட்டு முள்ளக் காட்டப் போறீங்களா?" திட்டு வாங்கியவர் பெரிய துண்டாக வாங்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே வருகிறார். அவள் அரைமணி நேரம் சாப்பிடப் போனபோது இரண்டு பேர் வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

அப்படியென்றால் நான் வாங்கப்போவது எதை? நாலு சுவரையும் ஒரு தராசையுமா?

ஜனவரி 27

யூலாலியாவிடமே கேட்டுவிட்டேன். கத்தியைத் துடைத்தபடி சொன்னாள்: "கடை கைமாறினா நானும் கிளம்பிடுவேன். புது முதலாளிக்குக் கருவாட்ட உப்புப் போக ஊறவைக்கச் சொல்லிக்குடுத்துட்டு நிக்க என்னால ஆகாது."

"ஊறவைக்க எனக்குத் தெரியும், அக்கா."

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களத்தானே ஊறவச்ச?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் கோபம் வந்தது. நான் என்ன நேத்து பொறந்தவளா? முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டவடி நான் — இதை அங்கேயே சொல்லியிருக்கணும். இப்போ சொவத்துக்கிட்ட சொல்லி என்ன பண்ண?

ஜனவரி 30

தாதேவுவின் நண்பன் வந்து குளிர்பெட்டிகளைப் பார்த்தான். ஒன்று நன்றாக இருக்கிறது, ஒன்று "இன்னும் ரெண்டு கோடை தாங்கும், மூணாவதுக்கு ஜெபம் பண்ணணும்." பின்னறையில் தேதி முடிந்த மத்தி டப்பாக்கள் நாற்பது. அவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றேன். கஸ்பார் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி 4

வாடகை ஒப்பந்தத்தை வாங்கி வரிவரியாகப் படித்தேன். செப்டம்பரோடு முடிகிறது.

"அதையும் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் கஸ்பார்.

"எப்போ ஐயா? அக்டோபர்லயா?"

பிப்ரவரி 6

கட்டடத்தின் சொந்தக்காரி பெர்பெத்துவா அம்மா மூன்றாம் மாடியில் இருக்கிறார். போனேன். பிஸ்கட்டும் இனிப்பு ஒயினும் வைத்தார். மிக மரியாதையாகச் சொன்னார்: "அந்த யூலாலியா இருக்குற வரைக்கும் புதுப்பிக்க மாட்டேன். அவள அனுப்பிடு, பத்து வருஷத்துக்கு எழுதித் தர்றேன்."

நாலு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் சமயம், வாசல்வரை வரிசை நிற்கும்போது யூலாலியா சொன்னாளாம்: "கட்டடம் முழுக்க உங்களுது, கருவாடு மட்டும் கால் கிலோவா?" எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இவர் ஊரின் மறுகோடிக்குப் போய் வாங்குகிறார்.

கதவுவரை வந்து வழியனுப்பும்போது மெல்லச் சொன்னார்: "அந்த வருஷம்தான் அவர் போனார். ஒருத்திக்கு எவ்வளவு வேணும், நீயே சொல்லு."

பிப்ரவரி 7

எதுவும் எழுதத் தோன்றவில்லை. சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

யூலாலியா எப்படியும் போவதாகத்தான் சொல்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பத்து வருஷ ஒப்பந்தம் கைக்கு வந்துவிடும். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. மத்தியானம் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தம்மா உடம்பு முடியாம வரலைன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "புருஷன் செத்த வருஷமா அது?"

ஏப்ரனைக் கழற்றினாள். நடுத்துண்டில் நல்ல தடிமனாக வெட்டினாள். சரியாகக் கால் கிலோ. தாளில் சுற்றிக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். கஸ்பார் பாங்குக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும். பதினான்கு பேர். சீஸைக் கோணலாக வெட்டினேன். ஆலிவ் காய் ஊறிய தண்ணீரை ஒருவர் சட்டையில் ஊற்றினேன். ஒரு கிழவர் எந்தக் கருவாடு நல்லது என்று கேட்டார். என்ன சமைக்கப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். கேட்டுவிட்டு, ஊறவைப்பதிலிருந்து அடுப்பில் ஏற்றுவதுவரை நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் போன இடம் தெரியவில்லை.

யூலாலியா இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னாங்க, அக்கா?"

"உப்பு ஜாஸ்தின்னாங்க. அங்கேயே ஊறவச்சுக் குடுத்துட்டு வந்தேன். நாளைக்குத் தண்ணி மாத்தப் போகணும்."

பிப்ரவரி 19

இன்னும் தண்ணீர் மாற்றப் போகிறாளாம். ஒன்பது நாளாக எந்தக் கருவாடு ஊறும்? நான் கேட்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

கையெழுத்துப் போட்டாயிற்று. பத்து வருஷ ஒப்பந்தம், யூலாலியாவை அனுப்பச் சொல்லும் நிபந்தனை இல்லாமல். தேனீக்காரர் வேறு கடை போடமாட்டேன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார். யூலாலியா வேலைக்காரியாக இருக்கமாட்டேன் என்றாள், பங்கு கேட்டாள். நாலில் ஒரு பங்கு. யோசிக்காமல் சரியென்றேன். பிறகுதான் யோசித்தேன், அப்போதும் சரியென்றே பட்டது.

"கடை வாங்கப் போய் யூலாலியாவ வாங்கிட்டு வந்திருக்க" என்றான் தாதேவு.

"இல்ல. அவதான் என்னை வாங்கியிருக்கா."

ஏப்ரல் 17

நாளை பெரிய வெள்ளி. கருவாடு வாங்க வந்த வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. கால் வீங்கிவிட்டது. தூங்கப் போகிறேன்.

மே 11, ஞாயிறு

ஞாயிறு விடுமுறை என்று பலகை எழுதி மாட்டியதே நான்தான். காலையில், விளக்கை அணைத்தேனா என்று பார்த்துவரப் போவதாகத் தாதேவுவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போனால் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே யூலாலியா. தராசைத் துடைக்க வந்தாளாம். பக்கத்தில் பெர்பெத்துவா அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து ரொட்டியும் புதுச் சீஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கொஞ்சநேரம் சாப்பிட்டோம்.

யார் வந்து தட்டினாலும் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். பதினோரு மணிக்குக் கடைக்குள் ஒன்பது பேர் இருந்தார்கள்.