மறைந்தார் என்பதற்கு இங்கிலீஷ்

என்னோடு சண்டை போடவென்றே பிறந்த ஆரோக்கியம்,

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து இருபது நாள் ஆகிறது. கல்லறையில் உன்னை விட்டுவிட்டு வந்த அன்றே உன்னைத் திட்டி எழுத நினைத்தேன். கை ஓடவில்லை. இப்போதும் சாந்தோம் கடற்கரைக்கும் வீட்டுக்குமாக இரண்டு தடவை நடந்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மகள் ஸ்டெல்லாவின் வேலையைக் கெடுக்க இருந்தேன்.

உன் ஆபீஸில் உன் இடத்தை அவளுக்குத் தருவதாகச் சொல்லி, நடந்ததை இங்கிலீஷில் நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரிதானே! பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டே, பொட்டலம் கட்டும் பழைய பேப்பரைப் படித்து இங்கிலீஷ் கற்றவன் நான். காலேஜ் போன உன்னையே எதிர்த்து நின்றவன். "குடும்மா, பெரியப்பா எழுதறேன்" என்று வாங்கிக்கொண்டேன். உன் கூடப் பிறக்காவிட்டாலும் அவளுக்கு நான் பெரியப்பாதானே.

செத்தவர்களுக்கு நான் எப்போதும் போடும் 'எக்ஸ்பயர்ட்' என்பதைப் போட முடியவில்லை. லஸ் முனை டீக்கடையில் நீ கத்தியது காதிலேயே இருக்கிறது. "லைசென்சுதாண்ணே எக்ஸ்பயர் ஆவும். மனுசன் செத்தான்னா 'டைடு'ன்னு எழுதேன், இன்னா கொறஞ்சி பூடும்?"

உனக்கு அந்தச் சின்ன வார்த்தையைப் போடவும் மனம் வரவில்லை. தமிழில் மறைந்தார் என்கிறோமே, அதற்கு மரியாதையாக ஓர் இங்கிலீஷ் வேண்டாமா? யோசித்து, 'மை ஃபாதர் சடன்லி டிஸப்பியர்ட்' என்று எழுதினேன்.

ஸ்டெல்லா தயங்கினாள். "அப்பா இருந்தா இத்த ஒத்துக்க மாட்டாரு பெரியப்பா."

"உங்கப்பன் என்னிக்கு ஒத்துக்கினான்? கையெழுத்துப் போடு."

நேற்று அவளோடு நானும் போனேன். புதிதாக வந்த அதிகாரி, உன்னைப் பார்த்தே இராதவர், கடிதத்தைத் திருப்பி நீட்டினார். "காணாமப் போனாருன்னா போலீஸ் கம்ப்ளெயின்ட் காப்பி எங்கம்மா? தேடிப் பார்த்தீங்களா? அவர் திரும்பி வந்துட்டா என்ன பண்றது?"

திரும்பி வந்துவிட்டால்! கேட்டாயா ஆரோக்கியம்? எனக்குக் கோபமே வரவில்லை. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லாவும் பார்த்தாள்.

அப்புறம் அழுதாள். உன் அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. நீ செத்ததை வாயால் சொன்னது போதாதாம்; திங்கட்கிழமை சரியாக எழுதித் தராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

"நீ தமிழுக்கு இங்கிலீஷ் சட்டை மாட்டி அனுப்பறண்ணே. பாக்கறவனுக்கு ஆளே அடையாளம் தெரில" என்பாய். நான் தோற்றுவிட்டதாக இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மனிதன் இல்லாமல் போவதற்கு இத்தனை சின்ன வார்த்தையா வைப்பான் வெள்ளைக்காரன்? உனக்கு மட்டும் அது எப்படிப் போதுமானதாக இருந்தது?

சரி, உன் மகளுக்காக எழுதிவிட்டேன். மை ஃபாதர் டைடு. மூன்றே வார்த்தை. விடிந்ததிலிருந்து எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை நானே அவளோடு போய் அதிகாரி கையில் கொடுப்பேன். யார் கேட்டாலும், எந்த மொழியில் கேட்டாலும், இனி நீ மறைந்துவிட்டாய் என்று சொல்ல மாட்டேன்.

உன் மகளுக்குப் பெரியப்பன்,
உனக்கு அடங்காத அண்ணன்,
சுந்தரம்